விடி100 குட்டி நகல் படுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978-ல் வெளியிட்ட விடி100 டெர்மினலை (வேறொரு கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான, திரையும் கீபோர்டும் கொண்ட கருவி) ஏறக்குறைய பாதியாகச் சுருக்கி, உள்ளே ஒரு 5 அங்குல எல்சிடி பேனலும் ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் ஒன்றும் (இனி வெறும் 'பை') வைத்து மேசை மேல் நிறுத்துவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். நான் மூன்று தடவை கட்டினேன். முதல் இரண்டு தடவையும் ஆசை ஆசையாகப் பெட்டியை முதலில் செய்துவிட்டு, அப்புறம் அதற்குள் பேனலைத் திணிக்கப் பார்த்தேன். கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த ஒரு தப்பிலிருந்து முளைத்தவை.

அதனால் கோளாறுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. அசல் விடி100 வரிக்கு 80 எழுத்து வீதம் 24 வரி காட்டும். ஒரு எழுத்துக்கான கட்டம் 10 புள்ளி அகலம், 10 ஸ்கேன் கோடு (திரையில் படம் வரையும் கிடைக்கோடு) உயரம். ஆக மொத்தம் 800 புள்ளி, 240 கோடு. இப்போது 800×480 பேனலை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் அப்படியே பொருந்துகிறது, உயரம் மிகச் சரியாக இரண்டு மடங்கு. நமக்காகவே செய்து வைத்த மாதிரி! அசலில் எழுத்து நிரம்பும் பரப்பு 202 மி.மீ. × 115 மி.மீ.; 5 அங்குலப் பேனலின் ஒளிரும் பரப்பு சுமார் 108 × 65. 108-ஐ 202-ஆல் வகுத்தால் 0.535 வரும், உங்கள் நகலின் அளவு விகிதம் அதுதான். 'சரிபாதி' என்று 0.5 வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும், நானும் வைத்தேன். பேனல் ஓரத்தில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று எழுத்து சட்டத்துக்குள் மறைந்துபோனது. 0.535 வைத்தால் உயரத்தில் மூன்று மி.மீ. கூடுதலாக வரும், அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அசல் பெட்டி 457 மி.மீ. அகலம், 368 உயரம், 362 ஆழம். நகல் 245, 197, 194.

இன்னொன்று. எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் பேனலையும் பையையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மேசை மேல் வைத்து, வேறொரு நல்ல பவர் சப்ளையில் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெட்டிதான், மென்பொருளை நோண்ட வேண்டாம்.

திரை வெள்ளையாக எரிகிறது, படமே இல்லை

பேக்லைட்டுக்கு (பேனலின் பின்விளக்கு) மின்சாரம் போகிறது, படத்துக்கான சிக்னல் போகவில்லை. ரிப்பன் கேபிள் வகைப் பேனல் என்றால் பத்தில் எட்டுத் தடவை கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் அந்தச் சிறிய பிளாஸ்டிக் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருக்கும். கழற்றி, பளபளக்கும் பக்கம் எந்தத் திசை என்று பார்த்து, நேராக உள்ளே தள்ளி, தாழ்ப்பாளின் இரண்டு முனையையும் ஒன்றாக அழுத்துங்கள். பை 5-ல் இந்தச் சாக்கெட் 22 பின். பழைய முழு அளவுப் பைகளில் 15 பின். பழைய கேபிள் இதில் நுழையாது, அதற்கென்று இருக்கும் மாற்றுக் கேபிள்தான் வேண்டும்.

எச்டிஎம்ஐ பேனல் என்றால், பை 4-ல் பவர் சாக்கெட்டை ஒட்டியிருக்கும் துளைதான் முதல் துளை, அதில்தான் செருக வேண்டும். பெட்டிக்குள் வைத்த பிறகு மட்டும் படம் போகிறதென்றால், கேபிள் தலை பின்பக்கச் சுவரில் முட்டி லேசாக வெளியே வந்திருக்கும். வளைந்த தலை கொண்ட கேபிள் வாங்குங்கள், சுவரில் ஓட்டை போடாதீர்கள் (நான் போட்டேன், பட்டி வைத்து அடைத்த தடம் இன்னும் தெரிகிறது).

அவ்வப்போது தானாக அணைந்து எழுகிறது

திரை மூலையில் மின்னல் குறி வருகிறதா? பைக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வரும். காரணம் பெரும்பாலும் சப்ளை இல்லை, கேபிள். மெல்லிய யூஎஸ்பி கேபிளில் பை, பேனல், பேக்லைட் மூன்றும் சேர்ந்து இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் தொலைந்துவிடும். பேனலுக்கான மின்சாரத்தைப் பையின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல், சப்ளையிலிருந்தே தடித்த கம்பியில் இரண்டு கிளையாகப் பிரித்து, ஒன்றைப் பைக்கும் மற்றதைப் பேனலுக்கும் கொடுங்கள். மின்னல் வராமலே அணைகிறது என்றால் செருகியைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். மின்னலும் இல்லை, அணையவும் இல்லை, வேகம் மட்டும் குறைகிறது என்றால் சூடு. பை 80 டிகிரியைத் தாண்டும்போது தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். கீழே ஒரு வரிசைத் துளை, மேலே பின்பக்கம் ஒரு வரிசை, அவ்வளவு போதும்.

எழுத்து மங்கல், ஓரம் கரைந்தது போல

பேனல் 800×480 ஆக இருக்கும், ஆனால் பை அதற்கு வேறு அளவில் படம் அனுப்பிக்கொண்டிருக்கும், பேனலே அதைச் சுருக்கிக் காட்டும். விலை குறைந்த பேனல்கள் தாங்கள் 1080 கோடு வரை தாங்குவோம் என்று பையிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும், பையும் நம்பிவிடும். அளவை நீங்களே கட்டாயப்படுத்த வேண்டும். இதில் ஒரு பொறி: பழைய வழிகாட்டிகளில் கான்ஃபிக் கோப்பில் எழுதச் சொல்லும் எச்டிஎம்ஐ வரிகளை, 2021 இறுதியில் வந்த புல்ஸ்ஐ பதிப்பு முதல் ராஸ்பெரி பை இயங்குதளம் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் அப்போதிருந்து திரையைக் கவனிப்பது கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொந்த டிரைவர். இப்போது அதைக் கர்னல் கட்டளை வரிக் கோப்பில், வீடியோ என்ற அளவுருவாகத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் நாலு பக்கமும் கறுப்பு விளிம்பு இருந்தால் ஓவர்ஸ்கேனை (படத்தின் ஓரத்தில் விளிம்பு விடும் அமைப்பு) அணையுங்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி கறுப்பு வெள்ளையாகச் சதுரங்கப் பலகை போல ஒரு படம் போடுங்கள். முழுத் திரையும் ஒரே சீரான சாம்பலாகத் தெரிந்தால் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தியிருக்கிறது. எங்காவது அலை அலையாக நெளிந்தால் இன்னும் எங்கோ சுருக்கம் நடக்கிறது.

எழுத்து கூர்மைதான், ஆனால் பழசு மாதிரி இல்லை

இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முதல் சந்தேகம் எல்லோருக்கும் நிறத்தில் வரும், உடனே பச்சையாக மாற்றுவார்கள். வேண்டாம். விடி100-ன் படக்குழாயில் உள்ளே பூசிய ஒளிரும் பூச்சு (பாஸ்பர்) பி4 வகை, அதாவது லேசான நீலம் கலந்த வெள்ளை. நம் மனதில் 'பழைய கம்ப்யூட்டர் பச்சை' என்று பதிந்திருப்பது 1981-ல் வந்த ஐபிஎம் 5151 போன்ற திரைகள். விடி வரிசையிலேயே பச்சையும் அம்பரும் வேண்டுமென்றால் 1983-ல் வந்த விடி220-க்குப் போக வேண்டும். பச்சை பிடித்திருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பெட்டி. ஆனால் அதை விடி100 நகல் என்று சொல்லும்போது யாராவது ஒருவர் கேள்வி கேட்பார்.

அதே காரணத்தால் கூல் ரெட்ரோ டெர்ம் மாதிரி, பழைய திரையைப் போலக் காட்டும் மென்பொருளில் எழுத்துக்குப் பின்னால் வால் போல இழுபடும் மினுக்கத்தையும் அணையுங்கள். அந்த வால் 5151-ன் பி39 பாஸ்பரின் குணம். பி4 சட்டென்று அணைந்துவிடும். திரை நடுங்குவது, கோடு தவறுவது போன்ற வித்தைகளையும் நான் அணைத்துவிட்டேன். ஒழுங்காக இருந்த விடி100 நடுங்காது, நடுங்கியதை ரிப்பேருக்கு அனுப்பினார்கள்.

உண்மையான காரணம் எழுத்தின் தடிமன். அசலில் ஒற்றைப் புள்ளி ஒன்று எரிந்து அணையும் நேரம் மிகக் குறைவு, அதற்குள் குழாயின் ஆம்ப்ளிஃபையர் முழுப் பிரகாசத்தை எட்டாது. அதனால் கிடைக்கோடுகள் பளிச்சென்றும் செங்குத்துக் கோடுகள் மங்கியும் தெரிந்திருக்கும். இதைச் சரிக்கட்ட, எரியும் ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கமாக ஒரு புள்ளி நீட்டும் சின்னச் சுற்று ஒன்றை உள்ளே வைத்தார்கள். எழுத்துகள் ரோமில் (எழுத்து வடிவங்களைச் சேமித்திருந்த சிப்) இருந்த வடிவம் ஒன்று, திரையில் மக்கள் பார்த்த வடிவம் வேறொன்று. ரோமிலிருந்து அப்படியே எடுத்துச் செய்த எழுத்துருவைப் போட்டால் எலும்பும் தோலுமாகத் தெரிவது இதனால்தான்.

தீர்வு எளிது. எழுத்துருவின் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நகல் எடுத்து, அதை வலப்பக்கம் ஒரு பிக்சல் நகர்த்தி, அசலின் மேலேயே ஒட்டுங்கள். அப்புறம் உயரத்தை இரண்டு மடங்காக்குங்கள். 10×20 எழுத்துரு தயார். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ரோமில் ஒரு எழுத்துக்கு 8 பத்திதான் (செங்குத்து வரிசை) இருக்கும், மீதி இரண்டும் எட்டாவது பத்தியின் மறுபதிப்பு. சாதாரண எழுத்துக்கு எட்டாவது பத்தி காலி, எனவே வித்தியாசம் தெரியாது. ஆனால் கட்டம் வரையும் கோடுகளுக்கு இது முக்கியம். உங்கள் நகலில் கட்டங்களின் கோடு ஒவ்வொரு எழுத்துக்கும் இடையே விட்டு விட்டு வந்தால் இந்த மறுபதிப்பை மறந்திருக்கிறீர்கள்.

ஸ்கேன் கோடு போட்டேன், திரை முழுக்கப் பட்டை பட்டையாக வருகிறது

240-ஐ 480 ஆக்குவதால் ஒன்று விட்டு ஒரு வரியைக் கறுப்பாக விட்டாலே ஸ்கேன் கோடு வந்துவிடும், வேறு எந்த வித்தையும் தேவையில்லை. பட்டை வருகிறது என்றால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வேறொரு இடைவெளியில் கோடு போடுகிறது, அல்லது ஜன்னலின் தலைப்புப் பட்டை மேலே உட்கார்ந்து உயரத்தில் சில பிக்சலைத் தின்றிருக்கிறது. முழுத்திரைக்குப் போங்கள். முழுக் கறுப்புக் கோடு போட்டால் வெளிச்சம் பாதியாகிவிடும், எனவே நான் கறுப்புக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து, கேமராவில் மட்டும் பட்டை நகர்ந்தால் அது பேக்லைட் மினுக்கத்துக்கும் ஷட்டருக்கும் உள்ள தகராறு, விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் போட்டோ பிரேம் போல இருக்கிறது

சட்டத்தின் விளிம்பு நேராக எழுத்தில் போய் முட்டுகிறதா? அசலில் அப்படி இல்லை. 12 அங்குலக் குழாய், 4:3 என்று கணக்குப் போட்டால் கண்ணாடி சுமார் 244 × 183 மி.மீ.; அதில் எழுத்து வரும் பரப்பு 202 × 115 மட்டும்தான். சுற்றிலும், அதிலும் மேலும் கீழும், நிறைய இருட்டுக் கண்ணாடி. நம் விகிதத்தில் சட்டத்தின் திறப்பு 130 × 98 மி.மீ. இருக்க வேண்டும், பேனலின் ஒளிரும் பரப்பு அதன் நடுவில் 108 × 65. இடையில் தெரியும் பேனலின் தகரச் சட்டத்தை மேட் கறுப்பு அட்டையால் மூடுங்கள். இந்த ஒரு மாற்றம் செய்ததும் என் நகல் சட்டென்று 'பொருள்' ஆகிவிட்டது.

உடனே அடுத்த பிரச்சினை எழும்: அட்டை நல்ல கறுப்பு, பேனலின் கறுப்பு சாம்பல், நடுவில் ஒரு செவ்வகம் துருத்திக்கொண்டு தெரியும். பேக்லைட்டைக் குறைத்தால் ஓரளவு குறையும். முழுத் தீர்வு முன்னால் வைக்கும் புகை நிற அக்ரிலிக். பாதி வெளிச்சத்தை விடும் தகடு என்றால், படம் ஒரு தடவை மட்டும் அதைக் கடந்து பாதியாகும்; அறையின் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வர இரண்டு தடவை கடந்து கால்வாசி ஆகிவிடும். செவ்வகமும் மறையும், பிரதிபலிப்பும் அடங்கும்.

மேலிருந்து பார்த்தால் மட்டும் நிறம் தலைகீழாகிறது என்றால் பேனல் டிஎன் என்ற எல்சிடி வகை. அதற்கு ஒரு நல்ல பக்கம், ஒரு கெட்ட பக்கம் உண்டு. மேசை மேல் இருக்கும் குட்டிப் பெட்டியை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்ப்போம், எனவே பேனலைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தி, படத்தை மென்பொருளில் 180 டிகிரி சுழற்றுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனல் வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

வளைந்த முகப்பில் குமிழி, எழுத்து விலகித் தெரிகிறது

2 மி.மீ. அக்ரிலிக்கைச் சுமார் 160 டிகிரியில் சூடாக்கி அச்சின் மேல் படிய வைக்கும்போது உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி வந்தால் தகடு ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. முதலில் 80 டிகிரியில் சில மணி நேரம் காய வையுங்கள், அப்புறம் வளையுங்கள். சமையல் செய்யும் ஓவனில் வேண்டாம், நாற்றம் போகாது. அச்சின் துணித் தடம் தகட்டில் பதிந்தால் சூடு அதிகம்.

எழுத்து ஆழத்தில் கிடப்பது போலத் தெரிந்தால் வளைவு அதிகம். 130 × 98 திறப்பின் மூலைவிட்டம் சுமார் 163 மி.மீ.; 500 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் நடுப்பகுதி மூலையைவிட 6.7 மி.மீ. முன்னால் நிற்கும், 350-ல் வளைத்தால் 9.6. நான் 500-க்குக் கீழே போவதில்லை. மூலைகள் பேனலைத் தொட வேண்டாம், ஆனால் 1 மி.மீ.-க்கு மேல் இடைவெளியும் வேண்டாம். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவி உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சை போலப் படியும், துடைத்தால் கீறல் விழும். இரட்டைப் பக்க டேப் போதும்.

பெட்டி சார்ந்த தொல்லைகள்

முகப்பு 3டி பிரிண்டரின் அச்சுப் பலகையில் அடங்கவில்லையா? 245 மி.மீ. அகலம், பல பிரிண்டர்களின் பலகை 220 × 220. படுக்க வைத்தால் அடங்காது, மூலைவிட்டமாகத் திருப்பினாலும் அடங்காது. நிற்க வைத்து மூலைவிட்டமாகத் திருப்புங்கள்: தடிமன் 60 மி.மீ. வரை தாராளமாக அடங்கும், 197 உயரமும் 250 உயரப் பிரிண்டருக்குப் பிரச்சினை இல்லை. திறப்பின் மேல் விளிம்புக்கு மட்டும் தாங்கு கொடுங்கள். பின்பெட்டியை இடது வலதாக இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இணைப்புக் கோட்டை பட்டி, உப்புத்தாள், ப்ரைமர் என்று பொறுமையாக மறைக்க வேண்டியதுதான்.

மூலை தூக்கினால் அடியில் அகலமான விளிம்பு சேர்த்து, காற்று அடிக்காமல் மூடி அச்சிடுங்கள். வெளிர் நிறச் சுவர் வழியாக உள் வெளிச்சம் ஊமையாகத் தெரிந்தால் உட்புறம் முழுக்க மேட் கறுப்பு அடியுங்கள், பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கறுப்பு ஃபோம் டேப் ஒட்டுங்கள். சில வாரம் கழித்து மேல்தட்டு தொய்ந்தால் பிஎல்ஏ-வை (அச்சிடும் பிளாஸ்டிக்) குறை சொல்லிப் பயனில்லை, அது 60 டிகிரியிலேயே இளகும். பையைத் தட்டிலிருந்து தள்ளிக் கீழே வையுங்கள், ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

டெர்மினலாக ஓட்டும்போது வரும் குப்பைகள்

அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் நகராமல் சதுர அடைப்பும் ஓர் எழுத்தும் வந்து விழுந்தால், மறுமுனைக் கம்ப்யூட்டர் உங்களை வேறு டெர்மினல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே டெர்ம் என்ற சூழல் மாறியை விடி100 என்று வையுங்கள்.

சீரியல் கேபிளில் இணைத்து வரும் எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருந்தால் முதலில் இருமுனை வேகமும் ஒன்றா பாருங்கள். ஒன்றுதான், இருந்தும் சில நேரம் நன்றாகவும் சில நேரம் கிறுக்கலாகவும் வருகிறதென்றால் பையின் மினி யூஆர்ட்டை (பையில் இருக்கும் சீரியல் சுற்றுகளில் சிறியது) பயன்படுத்துகிறீர்கள். அதன் வேகம் சிப்பின் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, கடிகாரம் மாறினால் இதுவும் மாறும். ப்ளூடூத்தை அணைத்து முழு யூஆர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆர்எஸ்232 (பழைய சீரியல் இணைப்புத் தரம்) கருவியைப் பையின் பின்களில் நேரடியாக ஒருபோதும் இணைக்காதீர்கள். அது நெகட்டிவ் வோல்ட் எல்லாம் அனுப்பும், பை தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் மேக்ஸ்3232 சிப் கொண்ட சிறு பலகை வேண்டும்.

வரிக்கு 132 எழுத்து வரும் 132 பத்தி முறைக்குப் போனால் படிக்க முடியவில்லையா? 132 × 6 = 792, அதாவது எழுத்துக்கு 6 பிக்சல்தான் கிடைக்கும், நீட்டல் வித்தை போட இடமே இல்லை. 6 பிக்சலுக்கென்று செய்த தனி எழுத்துரு போடுங்கள், அல்லது அந்தப் பக்கம் போகாதீர்கள். கூடுதல் நினைவக அட்டை இல்லாத அசல் விடி100-லும் 132 பத்தியில் 14 வரிதான் வந்தது.

தமிழ் கட்டம் கட்டமாக வருகிறதென்றால் அது உங்கள் கோளாறு இல்லை. லினக்ஸின் வெறும் கன்சோலில் (ஜன்னல் எதுவும் இல்லாத எழுத்துத் திரை) எழுத்துருவுக்கு அதிகபட்சம் 512 வடிவம்தான், அதோடு 'கொ' மாதிரி ஒரு மெய்யின் இரு புறமும் கொம்பும் காலும் சேர்க்கும் வேலை அதற்குத் தெரியாது. தமிழ் வேண்டுமானால் வரைகலைச் சூழலுக்குள் டெர்மினல் மென்பொருளைத் திறந்துதான் ஓட்ட வேண்டும், அங்கும் கட்டத்துக்குள் எழுத்து அடங்காமல் முண்டும்.

கடைசியாக, திரை அப்படியே உறைந்து, எது தட்டினாலும் நகரவில்லை என்ற அறிகுறி. இதற்காக நான் பெட்டியை இரண்டு தடவை பிரித்தேன், ரிப்பன் கேபிளை மாற்றினேன், ஒரு சால்டரைக்கூடத் திரும்ப வைத்தேன். வேறு எங்கோ சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருக்கிறேன்; டெர்மினலில் அதற்கு 'அனுப்புவதை நிறுத்து' என்று அர்த்தம். கண்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுக்கலாம்.